யூனிட் கணக்கில் ஒரு பகல்

லிம் சூ காங்கில் 975 என்னை இறக்கிவிடும்போதே
வெயில் தார்ச்சாலையைத் தின்னத் தொடங்கியிருக்கும்.
கல்லறைகளைத் தாண்டி ஒரு வளைவு,
சன்னலே இல்லாத ஒரு கிடங்கு.
அதற்குள் எங்கள் கீரை.
வெளியே இலவசமாகக் கொட்டுவதை
உள்ளே ஊதா விளக்குகளில்
மணிக்கணக்குப் போட்டு வாங்குகிறோம்.

நான் கணக்கெழுதுபவள்.
செடியைத் தொட அனுமதி இல்லை,
வலைத்தொப்பி போட்டுக்கொண்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.
விதை இவ்வளவு, உரநீர் இவ்வளவு,
ஷஃபிகுலுக்கும் மற்ற நால்வருக்கும் சம்பளம் இவ்வளவு.
எல்லாம் சேர்ந்து ஒரு தட்டில் ஏறினால்
எதிர்த்தட்டில் மின்கட்டணம்
ஒற்றை ஆளாய் உட்கார்ந்து தாழ்த்துகிறது.

ஏன் ஏறியது என்று கேட்டார் முதலாளி எங்,
ஏதோ நான் ஏற்றியதைப் போல.
சொன்னேன்.
நம் கரண்டு எரிவாயுவில் பிறக்கிறது,
எரிவாயு குழாயிலும் கப்பலிலும் கடல் கடந்து வருகிறது.
எங்கோ பனிக்காலத்தில் எவரோ கணப்பைக் கூட்டினால்,
எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால்,
மூன்று மாதம் கழித்து
நம் கீரைக்குத் தெரிந்துவிடும்.
அதோடு, பழைய ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்துவிட்டது.
புதியதில் கையெழுத்துப் போடும்போது
உங்கள் பேனா இரண்டு முறை நின்றதே,
நினைவிருக்கிறதா?

அவர் சிரிக்கவில்லை.
விளக்கைக் குறை என்றார்.

பதினாறு மணி நேரப் பகல் பன்னிரண்டாயிற்று.
"இப்பதான் அக்கா, இதுங்க நல்லா தூங்குது"
என்றான் ஷஃபிகுல், இங்கே கற்ற தமிழில்.
இரண்டாம் வாரம்
காம்பு மட்டும் நீண்டு, இலை வெளிறி,
எல்லாம் ஒரே பக்கம் கழுத்தை நீட்டி நின்றன.
பேரங்காடியின் லாரி பாதியை ஏற்றாமல் போனது.
மிச்சத்தில் ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளினார் எங்.
போனஸ் என்று அதற்குப் பெயர் வைக்காதது அவர் பெருந்தன்மை.

சுவா சூ காங், பதினோராம் மாடி.
வீட்டில் இன்னொரு ரசீது, மேசை மேல், உப்பு டப்பாவுக்கு அடியில்.
குளிர்பதனப் பெட்டியில் கீரையைத் திணித்தேன்.
கதவு முழுக்க மூடவில்லை.
பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது அது,
கரண்டில் விளைந்ததைக் கரண்டில் காப்பாற்ற.

மேற்கு பார்த்த அறையில் ஜெயசீலன் குடியிருக்கிறான்.
துவாசில் இரவு வேலை.
பகல் முழுக்க அவன் ஏர்கான் ஓடும், இருபத்திரண்டில்.
வாடகையிலேயே கரண்டும் அடக்கம் என்று
அன்றைக்கு வாய் நிறையச் சொன்னவர்கள் நாங்கள்தாம்.
அன்றைய யூனிட் விலை வேறு.

கணவர் ரசீதோடு கதவைத் தட்டினார்.
நான் பின்னால், ஒரு கட்டுக் கீரையோடு,
எதற்கென்று தெரியாமல்.

முதலில் குளிர் வெளியே வந்தது.
பிறகு அவன், ஒரு கன்னத்தில் தலையணை மடிப்போடு.
அவனுக்குப் பின்னால்
சன்னல் முழுக்கக் கறுப்புத் தாள்,
ஓரங்களில் டேப், டேப்பின் மேல் இன்னொரு டேப்.
மாலை ஆறு மணி வெயில்
ஊசித் துளை ஒன்றில் மட்டும் நுழைந்து
அவன் படுக்கையில் ஒரு பொட்டு வைத்திருந்தது.

அட, இவன் இரவை வாங்குகிறான்.

கணவர் நாற்பது வெள்ளி கேட்க நினைத்திருந்தார்.
முப்பது என்றது வாய்.
அவன் இருபத்தைந்து என்றான்;
பணத்தையா, ஏர்கானையா என்று புரியாமல்
இருவரும் தலையாட்டினார்கள்.
கீரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது மணி பதினொன்று.
அவன் துவாஸ் போய்விட்டான், அறை தானாகச் சூடேறிக்கொண்டிருக்கும்.
பதினான்கு மணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று
நாளை எங்கிடம் சொல்ல வேண்டும்.
எங்கள் ரசீதின் பின்பக்கத்தில்
அவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்,
சமையலறைக் குழல்விளக்கை மட்டும் எரியவிட்டு.
பன்னிரண்டரை ஆகிவிடும்.